மருத்துவமனைக் கோடிங்: பயிற்சியில் கற்றதும் வேலையில் கற்றதும்

மருத்துவக் குறிப்பிலுள்ள நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான எண்களாக மாற்றுவதே மெடிக்கல் கோடிங். சென்னையில் அதற்கான பயிற்சி என்றால் பெரும்பாலும் சி.பி.சி. என்ற சான்றிதழ்த் தேர்வுக்கான பயிற்சி என்றே பொருள். மைக்ரோபயாலஜி பட்டம் முடித்த கையோடு வேளச்சேரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன்; அந்தத் தேர்வை எழுதி, சில ஆண்டுகள் வெளிநோயாளி சார்ட்டுகளை, அதாவது மருத்துவப் பதிவுகளை, பார்த்தபின், அமெரிக்க மருத்துவமனைகளின் உள்நோயாளிப் பிரிவுக்கு, அதாவது துறையில் எல்லோரும் ஐ.பி. டி.ஆர்.ஜி. என்று சொல்லும் பிரிவுக்கு, மாறினேன். (டி.ஆர்.ஜி. என்பது மருத்துவமனைக்குத் தரும் தொகையை முடிவுசெய்யும் வகைப்பாடு.) அன்று கட்டிய கட்டணத்தில் எது இன்னும் கைகொடுக்கிறது, எது தேர்வு நாளோடு தீர்ந்துபோனது என்று இப்போது பிரித்துப் பார்க்க முடிகிறது. மருத்துவமனைக் கோடிங்குக்கு வர நினைப்பவருக்கு அந்தப் பயிற்சி வாசல் வரைதான் துணை வரும் என்பது என் கணிப்பு.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் இத்தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். சி.பி.டி. (சிகிச்சை முறைகளுக்கான எண்கள்), ஐ.சி.டி.-10-சி.எம். (நோய்களுக்கானவை), எச்.சி.பி.சி.எஸ். (மருந்து, உபகரணம் போன்றவற்றுக்கானவை) ஆகிய மூன்று புத்தகங்களையும் விரித்து வைத்துக்கொண்டே எழுதலாம். ஆகவே மனப்பாடத்துக்கு வேலை குறைவு. அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி, டேப் ஒட்டிப் பழகிய புத்தகம் கையில் இருந்தால் நேரம் மிஞ்சும். இதை எங்கள் ஆசிரியர் நன்றாகவே பழக்கினார். உடற்கூறியலும் மருத்துவக் கலைச்சொற்களும் அங்கே கிடைத்த உருப்படியான பாடங்கள். அவற்றை இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் கடைசி வாரங்கள் முழுவதும் பழைய கேள்வித் தொகுப்புகளிலேயே கழிந்தன. நூறு சதவீத வேலை உறுதி என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தவர்கள், தேர்வு முடிந்ததும் வாக்-இன் நடக்கும் முகவரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டார்கள். அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெறுபவரின் சான்றிதழில் பயிற்சிநிலையைக் குறிக்கும் 'ஏ' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் அவர்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பெரிய இடைவெளி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சி.பி.சி. தேர்வு மருத்துவரின் சேவைக்கான பில்லை மையமாகக் கொண்டது. சிகிச்சை முறைகளுக்கு அதில் சி.பி.டி. எண்களே வரும். படுக்கையில் சேர்க்கப்பட்ட நோயாளிக்காக மருத்துவமனை அனுப்பும் பில்லிலோ, 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10-பி.சி.எஸ். என்ற வேறொரு முறை நடப்பில் உள்ளது. அதிலிருந்து சி.பி.சி.யில் ஒரு கேள்வி கூட வராது.

லேப்ராஸ்கோப்பி வழியே பித்தப்பையை அகற்றியதை எடுத்துக்கொள்வோம். சி.பி.டி.யில் 47562 என்ற ஆயத்த எண் இருக்கிறது. பி.சி.எஸ்.ஸில் டேபிளைத் திறந்து ஏழு இடங்களையும் நாமே நிரப்ப வேண்டும்: அறுவைப் பிரிவுக்கு 0, கல்லீரல், பித்தநாள, கணைய மண்டலத்துக்கு எஃப், உறுப்பை முழுவதும் எடுத்ததற்கு டி, பித்தப்பைக்கு 4, சிறு துளை வழியே ஸ்கோப் நுழைந்ததற்கு இன்னொரு 4, உள்ளே கருவி எதையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கும் கூடுதல் விவரம் ஏதுமில்லை என்பதற்கும் இரண்டு இசட். பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்திருந்தால் ஐந்தாம் இடத்து 4 பூஜ்யமாக மாறும். ஸ்கோப்பால் பார்த்ததற்குத் தனியாக ஒரு கோடும் சேரும். நுரையீரலில் ஒரு மடலை மட்டும் எடுத்தால் அது பகுதி நீக்கம் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் பி.சி.எஸ். ஒவ்வொரு மடலையும் தனி உறுப்பாகக் கொள்வதால், அது அந்த மடலின் முழு நீக்கமாகிறது. அறுவை மருத்துவர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும், அவர் செய்தது எந்த வரையறைக்குள் வருகிறது என்று தீர்மானிப்பது கோடரின் பொறுப்பு என்று கோடிங்குக்கான அதிகாரபூர்வ விதித்தொகுப்பான கைட்லைனே சொல்கிறது. இவற்றையெல்லாம் வேலைக்கு எடுத்த நிறுவனத்தின் உள்பயிற்சியில்தான் கற்றேன். அங்கே ஆபரேஷன் நோட்டைத் திறந்து வரிவரியாகப் படிக்க வைத்தார்கள்.

நோய்க்கான கோடுகளிலும் விதிகள் தலைகீழாக மாறுகின்றன. வெளிநோயாளிக் குறிப்பில் மருத்துவர் 'நிமோனியாவாக இருக்கலாம்' என்று எழுதினால், இருமல், காய்ச்சல் என்று அறிகுறிகளோடு நின்றுவிட வேண்டும். அதே வாசகம் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால், நோய் உறுதியானதைப் போலவே ஜே18.9 போட வேண்டும். இதற்கும் விலக்கு உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று கோவிட்டுக்கு யு07.1 நடைமுறைக்கு வந்தபோது, நோய் உறுதியானால் மட்டுமே அதைப் போடலாம் என்று விதித்தார்கள். சிஸ்டாலிக் இதயச் செயலிழப்பை 'நாள்பட்டது' என்று மருத்துவர் எழுதினால் ஐ50.22, அது சி.சி. என்ற துணைநோய் வரிசையில் சேரும். 'திடீர்' என்று எழுதினால் ஐ50.21; அது எம்.சி.சி., அதாவது பெரிய துணைநோய். அந்த ஒரு சொல்லால் டி.ஆர்.ஜி. மாறி, மருத்துவமனைக்கு அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் கொடுக்கும் தொகையும் மாறக்கூடும். படுக்கைப் புண்ணின் நிலை எத்தனை என்பதைச் செவிலியர் குறிப்பிலிருந்து எடுக்கலாம்; ஆனால் புண் இருக்கிறது என்பதை மருத்துவர்தான் எழுதியிருக்க வேண்டும். அது நோயாளி வரும்போதே இருந்ததா, வார்டில் வந்ததா என்பதையும் குறிக்க வேண்டும். வார்டில் உண்டான மூன்றாம், நான்காம் நிலைப் புண்களுக்கு மெடிகேர் கூடுதல் தொகை தருவதை 2008 அக்டோபரில் நிறுத்திவிட்டது. தெளிவில்லாத இடத்தில் மருத்துவருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்பலாம். ஆனால் நமக்கு வேண்டிய பதிலை அதில் திணிக்கக் கூடாது.

அன்றாட வேலை இரண்டு அளவுகோல்களில் ஓடுகிறது: புரொடக்‌ஷன், குவாலிட்டி. முதலாவது முடிக்கும் சார்ட்டுகளின் எண்ணிக்கை, இரண்டாவது பிழையின்மை. குவாலிட்டி பொதுவாக 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நோயாளி விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் பொருட்டு கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் இருக்கையில் அமர வேண்டும். தாளும் பேனாவும்கூடக் கிடையாது. ஆடிட்டர் தவறு என்று குறித்ததை மறுத்து ரீபட்டல் எழுதும் உரிமை எல்லோருக்கும் உண்டு, பலர் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். கைட்லைனின் பிரிவு எண்ணைச் சுட்டி நான் எழுதிய ரீபட்டல்கள், ஏற்கப்பட்டவையும் தள்ளப்பட்டவையும், எந்த வகுப்பையும்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன.

சான்றிதழ் வாங்கியபின் வரும் செலவையும் யோசித்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர் சந்தாவைத் தொடர்ந்து கட்ட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 36 கல்விப் புள்ளிகளைக் காட்ட வேண்டும். அக்டோபர் 1 தோறும் கோடுகள் மாறும். ஆர்05 என்று ஒரே கோடாக இருந்த இருமல், 2021 அக்டோபரில் திடீர் இருமல், நாள்பட்ட இருமல் என்றெல்லாம் பிரிந்தது. சார்ட்டைப் படித்துக் கோடுகளைப் பரிந்துரைக்கும் மென்பொருள் எங்கள் பிரிவிலும் உண்டு. சிறிய, ஒரே மாதிரியான ரேடியாலஜி அறிக்கைகளை அது சமாளிக்கிறது. பல வாரம் படுத்திருந்த நோயாளியின் சார்ட்டில், பழைய குறிப்பிலிருந்து வெட்டி ஒட்டப்பட்ட நோயையும் அது சேர்த்துவிடுகிறது. அதை நீக்குவது நம் வேலை. புதிதாக வருபவர் எளிய ஸ்பெஷாலிட்டிகளில் தேங்கிவிடக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்நோயாளிப் பிரிவே குறி என்றால், சி.பி.சி.க்குப் பிறகு சி.ஐ.சி. அல்லது சி.சி.எஸ். தேர்வை எழுதலாம், இரண்டிலும் பி.சி.எஸ். உண்டு. பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன், வகுப்பில் ஆபரேஷன் நோட்டைக் கொடுத்துப் பி.சி.எஸ். டேபிளிலிருந்து கோடு கட்ட வைப்பார்களா, ஒரு முழு டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்கத் தருவார்களா என்று கேளுங்கள். டெமோ வகுப்பில் கேள்வித் தொகுப்பை மட்டும் காட்டினால், அந்தக் கட்டணத்தைத் தேர்வுக்கே செலவிடலாம், பி.சி.எஸ். டேபிள்களும் கைட்லைன்களும் அமெரிக்க அரசின் சி.எம்.எஸ். இணையதளத்தில் ஆண்டுதோறும் இலவசமாகவே வெளியாகின்றன.