பழைய லாரியின் ஹெட்லைட்: ரெடிமேட் ரிலே செட்டா, கையால் கட்டும் வயரிங்கா?

சென்னையின் மணலி, எண்ணூர், மாதவரம் வட்டாரத்தில் இரவில் ஓடும் பழைய லாரிகளில் ஹெட்லைட் மங்கினால், உரிமையாளர்கள் பலர் முதலில் மாற்றுவது பல்பைத்தான். பல நேரங்களில் குறை வயரிங்கில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் கேபினுக்குள் ஏறி, லைட் சுவிட்ச், டிம்-பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்ச் இரண்டையும் கடந்து முன்பக்கம் இறங்குவதற்குள் வோல்டேஜ் குறைந்துவிடுகிறது. 24 வோல்ட் வண்டியில் 70 வாட் டிம் பல்புகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும், 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் 8 மீட்டர் ஓடினால் அதில் மட்டும் 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். தேய்ந்த சுவிட்சும் உப்புக்காற்றில் பச்சை பூத்த டெர்மினலும் தின்பது இதற்கு மேல். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும்.

ஆகவே 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) பல்பு என்ற வழியை நான் முற்றிலும் நிராகரிக்கிறேன். பழைய வயரில் அது கூடுதல் ஆம்பியரை இழுத்து, இழப்பை இன்னும் பெருக்குவதோடு, ஹோல்டரை உருக்கி, எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணையும் கூசச் செய்யும். ஹாலஜனுக்கென வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பு மாட்டுவதிலும் ஒளி சிதறும் தொல்லை உண்டு.

அதிகச் செலவில்லாத வழி, இருக்கும் வயரிங்கைச் சுத்தம் செய்வது. எர்த் வயரைக் கழற்றி, சேசிஸில் பெயிண்டும் துருவும் போகும்வரை தேய்த்து, வயர் முனையில் புதிய லக் (உலோக வளையம்) போட்டு இறுக்கினாலே சில வண்டிகளில் வேறுபாடு தெரியும். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் ஹோல்டர் டெர்மினலிலும் வைத்தால் பாசிட்டிவ் பக்க இழப்பு நேரடியாகத் தெரியும். எர்த் பக்கத்தையும் பேட்டரி நெகட்டிவிலிருந்து இதே போல் அளக்க வேண்டும். எர்த்தில்தான் இழப்பு என்றால், ரிலே (சிறு மின்சாரத்தில் இயங்கி, பல்புக்கான பெரிய மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராக விடும் சுவிட்ச்) போட்டும் பயனில்லை.

பாசிட்டிவில் இழப்பு இருந்தால் ரிலேதான் தீர்வு. சுவிட்ச் வழியே ரிலேயை இயக்கும் கம்பிச்சுருளான காயிலுக்குக் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே போவதால் சுவிட்சின் ஆயுளும் நீளும். இங்கேதான் ரெடிமேட் செட்டா, கையால் கட்டுவதா என்ற கேள்வி வருகிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்கும் செட்டில் ரிலே, பியூஸ், ஹோல்டர் எல்லாம் சேர்ந்தே வருவதால் அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். வேலை தெரிந்த எலெக்ட்ரீஷியன் கிடைக்காத இடத்தில் அது பெரிய வசதி. ஆனால், அவற்றில் பல கார்களுக்கான 12 வோல்ட் செட்டுகள். 12 வோல்ட் காயிலை 24 வோல்ட் லாரியில் மாட்டினால் சூடேறிக் கருகிவிடும். வயரின் கனமும் நீளமும் கார் அளவில்தான் இருக்கும். லாரியில் பேட்டரி சேசிஸின் பக்கவாட்டில் இருப்பதால் அந்த வயர் எட்டாமல், நடுவில் ஒட்டுப்போட நேரும். அந்த ஒட்டே அடுத்த பழுதுக்கு இடமாகும்.

கையால் கட்டும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைத் தேவையான நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். 4 மீட்டருக்கு அதில் இழப்பு 0.2 வோல்ட்டைக்கூடத் தொடாது. பேட்டரியிலிருந்து பியூஸ் வழியே வரும் வயர் ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்கும், பல்புக்குப் போவது 87-க்கும், சுவிட்ச் வயர் 86-க்கும், எர்த் 85-க்கும் வர வேண்டும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று எனத் தனித்தனி 24 வோல்ட் ரிலே, ஒவ்வொன்றுக்கும் பேட்டரிக்கு அருகிலேயே 10 ஆம்பியர் பியூஸ் என்பது என் பரிந்துரை. நெடுஞ்சாலையில் ஒரு ரிலே செத்தாலும் மற்றொன்றின் வெளிச்சத்தில் வண்டியை ஓரங்கட்ட முடியும்.

கூலி கூடும், அரை நாள் வண்டி நிற்கும். இருந்தும் கடலோரத்தில் ஓடும் லாரிக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். ரிலேயை மட்டும் டெர்மினல் கீழ்நோக்கி இருக்கும்படி, சக்கரம் தெளிக்கும் மழைநீர் எட்டாத உயரத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.