பெரியமேட்டில் கபடி ஷூ: பள்ளி ரெய்டருக்கு எது கைகொடுக்கும், எது காலை வாரும்

கபடியில் பாடிப் போய் எதிரணியைத் தொட்டு வருபவர்தான் ரெய்டர். தமிழ்நாட்டின் தலைசிறந்த ரெய்டர் யார் என்று பேச்சு எழுந்தால், மூத்தவர்கள் முதலில் மணத்தி கணேசன் பேரைத்தான் எடுப்பார்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கியவர். இளசுகளைக் கேட்டால் பிரபஞ்சன் என்பார்கள். புரோ கபடி லீக்கில் 2017இல் தமிழ் தலைவாஸ், 2019இல் கோப்பையைத் தூக்கிய பெங்கால் வாரியர்ஸ் அணிகளில் ஆடியவர். இந்த இரண்டு தலைமுறைக்கும் நடுவில் பெரிதாக மாறியது தரைதான், மண்ணுக்குப் பதில் மேட் என்ற ஃபோம் விரிப்பு வந்தது. மண்ணில் மேல்பொடி நகர்ந்து கொடுக்கும், அதனால் பாதம் வழுக்கிக்கொண்டே திரும்பும். மேட் நகராது. சோல் பிடித்த இடத்தில் பிடித்தபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். இன்றைய பள்ளி ரெய்டர் மண்ணில் பழகி, பெரிய போட்டிகளில் மேட்டில் ஆடுகிறார். மேட்டில் ஷூ கட்டாயம் என்று விதியே சொல்கிறது. ஆகவே எந்த ஷூ என்பதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது.

சென்னையில் இதை வாங்கச் சரியான இடம் பெரியமேடு. சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடக்கும் தூரம். நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய சைடன்ஹாம்ஸ் ரோட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆன்லைனில் விலை கொஞ்சம் குறையலாம். ஆனாலும் கபடி ஷூவை மேட்டில் திரும்பிப் பார்க்காமல் வாங்குவது தப்பு. இங்கே மேட் விற்கும் கடைகளும் உண்டு. ஒரு துண்டைத் தரையில் போடச் சொல்லுங்கள். கடையின் டைல்ஸ் தரையில் எந்த ரப்பரும் கீச்சென்று பிடிக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கபடிக்கு என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று ரகம் வரும். முதலாவது, கணுக்கால் வரை ஏறும், மெல்லிய கம் ரப்பர் சோல் வைத்த நம் நாட்டுக் கபடி ஷூ. விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும். இரண்டாவது, மல்யுத்த ஷூ. எடை குறைவு, காலோடு ஒட்டி நிற்கும், விலை பல மடங்கு. மூன்றாவது, பேட்மின்டன் ஷூ. பள்ளி அளவில் முதல் ரகமே போதும், ரப்பர் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மல்யுத்த ஷூ மாநில அளவில் தொடர்ந்து மேட்டில் ஆடுபவருக்கு அருமையான பொருள். வாரத்தில் பாதி நாள் மண்ணில் ஓடும் பிள்ளைக்கு அது வீண், அவ்வளவு விலை கொடுத்த சோல் மண்ணில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பேட்மின்டன் ஷூவில் குதிகால் கொஞ்சம் உயரம், ஆனால் சமாளிக்கலாம். ஓட்டப்பயிற்சி ஷூவை மட்டும் யார் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் தொடாதீர்கள். தடித்த ஃபோம் சோல் பக்கவாட்டில் சாயும், கணுக்கால் மடங்கும்.

ரெய்டருக்கும் அவரைப் பிடிக்கும் டிஃபென்டருக்கும் ஒரே ஷூ என்று மொத்தமாக வாங்குவதுதான் பல பள்ளிகளின் வழக்கம். அது ரெய்டருக்கு நியாயமே இல்லை. கார்னரில், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில், நிற்பவருக்கு ஊன்றிப் பிடிக்கும் சோல் வேண்டும். ரெய்டருக்குப் பிடிக்கவும் வேண்டும், திரும்பும்போது விடவும் வேண்டும். போனஸ் என்ற கூடுதல் புள்ளியைப் பாருங்கள். ஆண்கள் கோர்ட்டில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ரெய்டர் தாண்ட வேண்டிய பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. எதிரில் ஆறு பேராவது நிற்கும்போது, ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டி ஊன்ற, மறு கால் காற்றில் இருக்க வேண்டும். அந்த நொடியில் முழு எடையும் ஒரே பாதத்தின் முன்பகுதியில். அப்படியே திரும்பி 4.75 மீட்டர் ஓடி வர வேண்டும். முன்பாதத்துக்கு அடியில் வட்டமான வரிகள் கொண்ட சோல் இந்தத் திருப்பத்துக்கு உதவும். ஆழமான குறுக்குக் கட்டைகள் வைத்த சோல் உதவாது.

சோதிப்பது சுலபம். இரண்டு ஷூவையும் மாட்டி, லேஸை இறுக்கி, மேட் துண்டின் மேல் பக்கவாட்டில் நான்கைந்து எட்டு வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒற்றைக் காலில் எடையைப் போட்டுப் பாதி வட்டம் மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். சோல் விடுவதற்கு முன்பே முழங்கால் முறுக்கினால் அந்த ஜோடி வேண்டாம். ஷூவைக் கையில் மடக்கினால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் உள்ளே தாங்கல் இல்லை. புது சோல் வழுக்கினால் பதற வேண்டாம். அச்சிலிருந்து எடுக்கப் பூசும் படலம் அது. ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போய்விடும்.

அளவில்தான் பெற்றோர் தவறுகிறார்கள். வளர்ற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட வாங்கினால், குதிகால் உள்ளே ஏறி இறங்கும், பெருவிரல் முன்னால் இடித்து நகம் கறுக்கும், லேஸை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. நுனியில் அரை விரல் இடைவெளி போதும். மாலையில் போய், ஆடும்போது போடும் அதே சாக்ஸோடு அளவு பாருங்கள், பகலெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பின்னால் இழுத்துப் போட வைத்திருக்கும் துணி வளையம் நீளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள், கணுக்கால் பிடி போடுபவர் விரலுக்கு அது கொக்கி. நம் சேரலாதன் போன்ற கார்னர்கள் எதிரில் நின்றால் அவ்வளவு இடம்கூடத் தரக் கூடாது. 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடி கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான்.

ஷூவில் முதலில் பிய்ந்து போவது பெருவிரலின் உள்பக்கத் தையல். பின்னங்காலை இழுத்துக்கொண்டு எட்டிப் பாடும் ரெய்டருக்கு அந்த இடம்தான் மேட்டில் உரசும். வாங்கிய வாரமே சோலின் ஓரத்தைச் சுற்றிக் கைத்தையல் போட்டுவிடுங்கள். பெரியமேடு தோல் வியாபாரத்துக்கும் பேர்போன இடம், நல்ல நூலும் பசையும் இங்கேயே கிடைக்கும். ஒட்டியதை மட்டும் நம்பினால், வெயிலில் நின்ற வேனுக்குள் ஷூ பை ஒரு மதியம் கிடந்தாலே பசை இளகும். கழுவினால் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும், இன்சோலைக் கழற்றி, உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காய வையுங்கள். மேட்டில் இறங்கும் முன் ஈரத்துணியில் சோலைத் துடைப்பது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேண்டும். தூசி படிந்த ரப்பர் எந்த விலையுடையதானாலும் வழுக்கும்.

இந்தக் கடைத்தெருவின் குறை, பழைய சரக்கு. சோல் பாலியூரித்தேனாக இருந்தால் சென்னையின் ஈரக்காற்றில் பெட்டிக்குள் சும்மா இருந்தே கெட்டுப்போகும். பார்க்கப் புதிதாக இருக்கும், சில ஆட்டங்களில் துண்டு துண்டாக உதிரும். கட்டைவிரலால் சோலின் ஓரத்தை அழுத்துங்கள். பிசுபிசுப்போ, மயிரிழை வெடிப்போ தெரிந்தால் வேறு பெட்டி கேளுங்கள். தயாரித்த மாதம் பெட்டியில் அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள். இன்னொரு குறை, மாற்றித் தருவதில் தயக்கம். பேரம் பேசி முடித்த பிறகு இதைப் பேசினால் எடுபடாது, முதலிலேயே கேளுங்கள்.

அணிக்கு மொத்தமாக வாங்கும் உடற்கல்வி ஆசிரியர்கள், பன்னிரண்டு பேரின் இரண்டு பாதங்களையும் தாளில் வரைந்து, பேரும் ஆடும் இடமும் எழுதி எடுத்துப்போவது நல்லது. சைஸ் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வரைந்த தாள் மாறாது. ரெய்டர்களுக்கு ஒரு மாடல், கார்னருக்கும் அவருக்கு உள்பக்கம் நிற்கும் கவருக்கும் வேறு மாடல் என்று கேட்டாலும் மொத்த விலையே கேட்டுப் பாருங்கள். அளவு சேராத ஜோடியைப் பயன்படுத்தாமல் திருப்பினால் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.