புலிக்கு வீடு: தத்தெடுப்பா, நிறுவன நிதியா?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் தத்தெடுப்புத் திட்டம் பலருக்கும் தெரியும். அனு என்ற வெள்ளைப் புலியை நடிகர் சிவகார்த்திகேயன் தத்தெடுத்தது செய்தியாகவே வந்தது. தனிநபர் யாரும் சேரலாம், வரிச்சலுகையும் உண்டு. ஆனால் தத்தெடுப்பவர் கட்டும் பணம் விலங்கின் தீவனத்துக்கும் பராமரிப்புக்கும்தான் போகிறது.

இருப்பிடம் கட்டுவது வேறு கணக்கு. இரவில் அடைக்கத் தனித்தனி அறைகள், ஊழியர் உள்ளே போகாமலே வெளியிலிருந்து இழுத்துத் திறக்கும் கதவுகள், ஊசி போடும்போது புலி அசையாதபடி நெருக்கிப் பிடிக்கும் கூண்டு, அகழி அல்லது உயரமான வேலி, குளிக்கத் தொட்டி, நிழல் மரங்கள் எல்லாம் வேண்டும். வரைபடத்துக்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். இதில் பாதியில் நிற்கும் கட்டடத்தால் புலிக்கு ஒரு பயனும் இல்லை. அதனால் மொத்தமாக ஒரு தொகை தேவை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிதான் இதற்குப் பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன். 2013 நிறுவனச் சட்டப்படி, சட்டம் சொல்லும் வரம்புக்குள் வரும் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். விலங்கு நலமும் அந்தப் பணிகளின் பட்டியலில் இருக்கிறது.

சரி, பெயர்ப்பலகை வைத்ததும் நிறுவனம் விலகிவிட்டால்? நிதி கேட்கும்போதே சில ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.