“இடுப்பெலும்பு விலகியிருக்கு” என்று சொல்லிப் பணம் பிடுங்கும் இடங்கள்: தயவுசெய்து எச்சரிக்கையாக இருங்கள்

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்புவலி உள்ளவருக்கு உட்காரும் இடமோ, தொடைகளின் உட்பக்கமோ, பிறப்புறுப்பைச் சுற்றியோ மரத்துப்போனாலும், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும் அல்லது போவதே தெரியாமல் போனாலும், இரண்டு கால்களும் வலுவிழந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள். தெரபி சென்டருக்குப் போன் போட்டு யோசனை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். என் அண்ணன் வீட்டில் கேட்டார்கள். அங்கே கிடைத்த பதிலால் ஓர் இரவு முழுக்க வீணாய்ப் போனது.

அண்ணனுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. குனிந்தே செய்ய வேண்டிய வேலை. இடது புட்டத்தில் தொடங்கி, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுண்டி இழுக்கும் வலி வந்தது. தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று, ‘ஆபரேஷன் இல்லாமல் முதுகெலும்பு சிகிச்சை’ என்று போர்டு மாட்டியிருந்த ஓர் இடத்துக்குப் போனார்.

அங்கிருந்தவர் அண்ணனைக் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு குதிகால்களையும் சேர்த்துப் பிடித்து, “பாருங்கண்ணே, இடது கால் ஒரு இஞ்ச் குட்டையா இருக்கு. இடுப்பெலும்பு மேலே ஏறிடுச்சு” என்றார். அண்ணியையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். பிறகு இடுப்பைப் பிடித்து ஒரு திருப்பு, ‘படக்’கென்று சத்தம். மறுபடி குதிகால்களைச் சேர்த்தார், சமமாக இருந்தன. கண்ணால் பார்த்த பிறகு யாருக்குத்தான் நம்பிக்கை வராது? 24,000 ரூபாய் பேக்கேஜ். பெல்ட்டும் எண்ணெயும் தனி. பில் கேட்டால், தொகையை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் குதிகால் வேலையைப் பின்னால் ஒரு பிசியோதெரபிஸ்ட் எனக்குச் செய்தே காட்டினார். பாதங்களைச் சேர்க்கும்போது லேசாக ஒரு பக்கம் தள்ளினால் ஒரு கால் குட்டையாகத் தெரியும். நேராகப் பிடித்தால் சரியாகிவிடும். அவ்வளவுதான். தவிர, சில மில்லிமீட்டர் வித்தியாசம் பெரும்பாலான மனிதர்களுக்கு இயல்பாகவே உண்டு. ‘படக்’ சத்தம் மூட்டுத் திரவத்துக்குள் வாயு குழியாகும்போது வருவது. அது எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் இல்லை.

இடுப்பெலும்பு அப்படி விலகக்கூடிய பொருளே அல்ல. முதுகின் அடியில் ஐந்து இடுப்பு முள்ளெலும்புகள், அதற்குக் கீழே ஐந்து எலும்புகள் ஒன்றாய் இணைந்த திரிகம், அதன் நுனியில் வால் எலும்பு. திரிகத்தின் இரு புறமும் இடுப்பெலும்புகள் சேரும் மூட்டில் இருக்கும் அசைவு சில டிகிரிதான், நகர்வு ஓரிரு மில்லிமீட்டர்தான். அதைப் பின்னாலிருந்து கட்டியிருக்கும் தசைநார்கள் உடம்பிலேயே மிக வலுவானவற்றில் சேர்த்தி. பெரிய விபத்திலோ உயரத்திலிருந்து விழுந்தோதான் அது பிளக்கும். அப்படிப் பிளந்தவர் நடந்து வந்து மேசையில் படுக்க மாட்டார். ஸ்வீடனில் 10 பேருக்கு எலும்பில் சிறு உலோக மணிகள் பதித்து, இந்த மாதிரித் திருப்புவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். முடிவு 1998-ல் வெளியானது: கையால் தொட்டுப் பார்த்தபோது ‘சரியாகிவிட்டது’ என்று தெரிந்தவர்களுக்கும் எலும்பு இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

அண்ணனுக்கு உண்மையில் இருந்தது டிஸ்க் பிதுக்கம், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது. ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புக்கும் திரிகத்துக்கும் நடுவில், அதிகம் பேருக்கு வரும் இடத்தில். அந்தத் தெரபி சென்டரில் எடுத்த எக்ஸ்ரேயில் டிஸ்க்கும் தெரியாது, நரம்பும் தெரியாது. அதன்மேல்தான் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு ‘கோணல்’ காட்டியிருக்கிறார்கள். வலியில் ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவரைப் படம் எடுத்தால் சாய்வாகத்தானே விழும்? இப்படிப்பட்ட பிதுக்கம் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த வாரங்களை வைத்துத்தான் இவர்களுடைய பேக்கேஜ் ஓடுகிறது என்பது என் எண்ணம்.

அண்ணனுக்கு அது அடங்கவில்லை, பெரிதானது. தண்டுவடம் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் மாதிரி கொத்தாக இறங்கும். சிறுநீர்ப்பை, மலக்குடல், உட்காரும் இடத்தின் உணர்வு எல்லாம் அந்தக் கொத்தின் பொறுப்பு. டிஸ்க் அதை நசுக்கினால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. “உட்கார்ற இடத்துல உணர்ச்சியே இல்ல, ஒன்னுக்கும் வரமாட்டேங்குது” என்று அண்ணி பதறிப்போய் போன் போட்டபோது அந்த மனிதர் சொன்ன பதில்: “நரம்பு திறக்குதும்மா, நல்ல அறிகுறி. பயப்படாம காலைல கூட்டிட்டு வாங்க.”

எனக்கு ஆறவே ஆறாதது இதுதான். பணம் போனது போகட்டும். தெரியாவிட்டால் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதுமே!

விடிந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். எம்ஆர்ஐ எடுத்து, அன்றே ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நடக்கிறார். சிறுநீர் ஓரளவு கட்டுக்குள் வந்துவிட்டது, மரத்த இடம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பழைய வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டால் டாக்டர், “பார்க்கலாம்” என்கிறார்.

முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்டுகளை நான் சொல்லவில்லை. அண்ணனை நடக்க வைத்துக்கொண்டிருப்பதே அவர்கள்தான். இந்த இடத்தில் சிகிச்சை கொடுத்தவரின் படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்டோம், இன்றுவரை பதில் இல்லை. மாவட்ட மருத்துவ, ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி எங்காவது நடந்திருந்தால் உங்கள் மாவட்டத்தில் அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். துண்டுச்சீட்டு, கோடு போட்ட எக்ஸ்ரே, போன் பதிவு எதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எங்கள் புகாரோடு நாங்கள் இணைத்திருப்பது அவற்றைத்தான்.