வெட், டிரை, பிரி-ஆக்‌ஷன்: எந்தக் கட்டடத்துக்கு எந்தத் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர்?

கடை, அலுவலகம், சாதாரணக் கிடங்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், வெட் சிஸ்டம்தான். பைப்பில் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்பதால், ஹெட் எனப்படும் தெளிப்பு முனையின் கண்ணாடிக் குப்பி தீயின் சூட்டில் வெடித்ததுமே கொட்டத் தொடங்கும். சிவப்புக் குப்பி 68 டிகிரி செல்சியஸில் வெடிக்கும், பச்சை 93-ல். ஒரு ஹெட் வெடித்தால் தளம் முழுக்க நனைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். சூடுபட்டது மட்டுமே திறக்கும். எல்லா ஹெட்டும் ஒன்றாகக் கொட்டுவது டெலூஜ் என்ற வேறொரு வகையில்தான். அது டிரான்ஸ்பார்மர் போன்ற இடங்களுக்கு.

டிரை சிஸ்டம் தண்ணீர் உறையும் இடத்துக்கானது. நம் ஊரில் மைனஸ் டிகிரி குளிர்பதன அறைகளைத் தவிர அதற்கு வேலையே இல்லை. பைப்பில் இருக்கும் காற்று வெளியேறி, வால்வு திறந்து, பிறகுதான் தண்ணீர் வரும். அந்தத் தாமதத்துக்குள் தீ பரவும் என்பதால் ஸ்பிரிங்க்ளர் அமைப்பதற்கான அமெரிக்க விதியான என்.எஃப்.பி.ஏ. 13, தண்ணீர்த் தேவையைக் கணக்கிட எடுக்கும் பரப்பை 30% கூட்டச் சொல்கிறது. பைப், பம்ப், தொட்டி எல்லாமே பெரிதாகும். பராமரிப்பும் தலைவலிதான். சோதனைக்குப் பிறகு பைப்பில் தேங்கும் தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து துருப்பிடிக்க வைத்து ஓட்டை போட்டுவிடும். நைட்ரஜன் நிரப்பினால் இது வெகுவாகக் குறையும். கம்ப்ரஸர் ஈரக்காற்றை உள்ளே தள்ளினால் குளிர் அறைக்குள் நுழையும் இடத்திலேயே பனி கட்டிப் பைப்பை அடைத்துவிடும். ஏர் டிரையர் இல்லாமல் அங்கே டிரை போடவே கூடாது.

சர்வர் அறைக்குப் பிரி-ஆக்‌ஷன் கேட்பார்கள். இதிலும் பைப்பில் தண்ணீர் நிற்காது. சிங்கிள் இன்டர்லாக் என்ற வகையில், புகையையோ சூட்டையோ டிடெக்டர் உணர்ந்தால்தான் தண்ணீர் வால்வு திறக்கும். ஏணி இடித்து ஹெட் உடைந்தாலும் அலாரம் மட்டுமே வரும். டபுள் இன்டர்லாக்கில் டிடெக்டரும் ஹெட்டும் இரண்டுமே இயங்க வேண்டும். உறைநிலைக் கிடங்குக்கு அதுவே பொருத்தம். ஆனால் டிடெக்டர் பழுதானால் தானாகத் தண்ணீர் வராது. டிடெக்டர், பேனல் இரண்டையும் ஒழுங்காகப் பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் வெட்டே மேல். இடிபடாமல் இருக்க ஹெட்டுக்குக் கம்பிக் கூண்டு மாட்டினால் போதும்.

சோதனையில் டிரைக்கும் பிரி-ஆக்‌ஷனுக்கும் ஆண்டுதோறும் டிரிப் டெஸ்ட் (வால்வைத் திறக்கவைத்துப் பார்க்கும் சோதனை) கூடுதல். டிரை வால்வுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை முழு ஓட்டத்தில் செய்ய வேண்டும். முடித்ததும் தாழ்வான டிரெயின்களை எல்லாம் திறந்து வடிக்க வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவானது மெயின் டிரெயின் டெஸ்ட். எளிமையானது, ஆனால் பலர் ஒப்புக்குச் செய்வது. கேஜில் நிலை அழுத்தத்தை, அதாவது தண்ணீர் ஓடாதபோது உள்ள அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, டிரெயின் வால்வை முழுதும் திறந்து, முள் நிலைத்ததும் மறுபடி குறிக்க வேண்டும். மூடும்போது மெதுவாக, சட்டென மூடினால் பைப் அதிரும். ஓட்ட அழுத்தம் முந்தைய சோதனையைவிட 10%-க்கு மேல் குறைந்திருந்தால், எங்கோ ஒரு வால்வு பாதி மூடிக் கிடக்கலாம், அல்லது பைப்பில் அடைப்பு இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூடாது.

பெயின்ட் பட்ட ஹெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யவும் கூடாது. மாற்றியே ஆக வேண்டும்.