செட்டிநாட்டில் ஒரு ஸ்பிட்ஃபயர்: துரு எடுத்து, பல வருடம் ஓட்டிய அனுபவம்

வண்டி டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, இரண்டு பேர் உட்காரும், கூரை இறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1968 மாடல். 1296 சிசி எஞ்சின், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், 75 குதிரைத்திறன், எடை எழுநூறு கிலோ சொச்சம். பெரியப்பச்சி பினாங்கிலிருந்து திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்தது. அவருக்குப் பிறகு யாரும் எடுக்காமல் கோட்டையூர் வீட்டுக் கொட்டகையில், நெல் மூட்டைக்கும் கழற்றிப் போட்ட தேக்குக் கதவுகளுக்கும் நடுவே நின்றே போனது. வீட்டில் வைத்தே அதைச் சரிசெய்து இப்போது பல வருடமாக ஓட்டுகிறேன். பெயிண்ட் அடித்த மறுநாள் எந்த வண்டியும் அழகாகத்தான் இருக்கும். பல மழைக்காலம் தாண்டிய பிறகு எது நின்றது, எது மறுபடி தலைகாட்டியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

செட்டிநாடு காய்ந்த பூமி, கடலும் பக்கத்தில் இல்லை, இங்கே என்ன பெரிய துரு என்று பலர் கேட்கிறார்கள். வெளித்தகட்டைப் பொறுத்தவரை அது சரிதான், பானெட்டும் டிக்கி மூடியும் கிட்டத்தட்ட முழுசாகவே இருந்தன. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே இறங்கிய தண்ணீர் செம்மண் தூசியோடு கலந்து, காற்றுப் போகாத இடத்தில் சேறாக உட்கார்ந்துவிட்டால் வெயில் எவ்வளவு அடித்தாலும் லேசில் காயாது. ஸ்பிட்ஃபயரில் அந்த இடம் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் 'சில்' (sill) என்கிற தகட்டுப் பெட்டி. டிங்கரிங் அண்ணன் வந்த அன்று வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் சில்லின் கீழ் விளிம்பைத் தட்டினார். டங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்றது. முனையைத் திருப்பி லேசாக அழுத்தினார், அது பிடி வரைக்கும் உள்ளே இறங்கியது. வெளியே இழுத்ததும் ஈரச் செம்மண்ணும் செதில் செதிலான துருவும் கைநிறையக் கொட்டின. "தம்பி, பெயிண்டைப் பத்தி அப்புறம் பேசுவோம். வண்டி நிக்கிறதே இதுலதான்" என்றார்.

அது நூற்றுக்கு நூறு உண்மை. நம்ம ஊர் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே வம்சம், முழு பானெட்டும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பது வரை ஒற்றுமை தெரியும். ஆனால் ஹெரால்டின் சேஸிஸில் பக்கவாட்டில் ஓடும் சட்டங்கள் ஸ்பிட்ஃபயருக்குக் கிடையாது, நடுவில் முதுகெலும்பு மட்டும்தான். மீதி பலத்தைச் சில்தான் கொடுக்கிறது. அதை அப்படியே வெட்டி எடுத்தால் பாடி தொய்ந்து கதவு இடைவெளி மூடிக்கொள்ளும், பிறகு எத்தனை வெல்டிங் வைத்தாலும் கதவு சாத்தாது. அதனால் பாடியைச் சேஸிஸை விட்டு எடுக்காமல், போல்ட்டெல்லாம் இறுக்கி, கதவு வாசலுக்குக் குறுக்கே எல்-ஆங்கிள் வைத்து வெல்டு பண்ணி, ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம் தொட்டோம். நாலு பொட்டு வைப்பது, கதவை மாட்டிச் சாத்திப் பார்ப்பது, மறுபடி நாலு பொட்டு. சில்லில் மூன்று அடுக்கு உண்டு. வெளித்தகடு மட்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன், உள் இரண்டையும் காரைக்குடிப் பட்டறையில் 1.2 மில்லிமீட்டர் ஷீட்டில் மடித்து வாங்கினோம். கேஸ் வெல்டிங் வேண்டவே வேண்டாம், மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும், கார்பன் டை ஆக்சைடு வாயு பாய்ச்சிச் செய்யும் மின் வெல்டிங், அதாவது சி.ஓ.டூ. வெல்டிங்தான் சரி. இன்றைக்கும் இரண்டு கதவும் ஒரு விரலில் சாத்துகின்றன. இந்த வண்டியில் நான் செலவழித்த காசிலும் நேரத்திலும் முழுசாகத் திரும்பி வந்தது இதுதான்.

காரைக்குடியில் உட்கார்ந்து துருவோடு மல்லுக்கட்டுபவனுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாங்கள் சிக்ரி என்போமே, அதன் முக்கிய வேலைகளில் ஒன்றே உலோக அரிமானம்தான். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். சின்னச் சாமான்களைச் சுரண்டாமல் துரு எடுக்கும் வழியை அவர்தான் காட்டினார். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, ஒரு 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் ஒயர் துருப்பிடித்த சாமானில், பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் தகட்டில், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ராத்திரி போட்டால் காலையில் துரு கறுத்துக் குழைந்து பிரஷ்ஷுக்கே வந்துவிடுகிறது, நல்ல இரும்பு தேய்வதில்லை. அவர் கண்டிப்பாகச் சொன்னது இரண்டு: ஹைட்ரஜன் கிளம்பும், திறந்த வெளியில் வை, பாசிட்டிவில் எவர்சில்வர் எதையும் மாட்டாதே, விஷமான குரோமியம் தண்ணீரில் கலந்துவிடும். சஸ்பென்ஷன் கைகள், பிராக்கெட்டுகள், கதவுக் கீல் எல்லாம் இப்படித்தான் தேறின.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். நம் வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீர் சேர்த்தார்களே, அந்தக் கடுக்காயில் இருக்கும் டானின் துருவோடு சேர்ந்து கறுப்புப் படலமாகிறது, சில துரு மாற்றி மருந்துகளில் இருப்பதும் டானிக் அமிலம்தான் என்றார். கொட்டகைக் கதவின் கீலில் பூசிப் பார்த்தேன், இன்றைக்கும் கறுப்பாகவே இருக்கிறது. வண்டிக்குள் மட்டும் அந்தச் சோதனை வேண்டாம் என்று கடையில் கிடைக்கும் பாஸ்பாரிக் அமில மருந்து, மேலே ஜிங்க் பிரைமர், அதற்கு மேல் எபாக்சி என்று போனேன். பாஸ்பாரிக் அமிலத்தை ஆத்தங்குடிக் கல் பதித்த தரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஒரு சொட்டு போதும், பூ அழிந்துவிடும்.

சரி, இத்தனை வருடத்தில் திரும்ப வந்த துரு எங்கே? பின்சக்கர வளைவுத் தையலில் ஒன்று, கண்ணாடி சட்டத்தின் கீழ் மூலையில் ஒன்று. வளைவு வேலையை மட்டும் வெளியே ஒரு பெயிண்ட் கடையில் கொடுத்திருந்தேன், தகட்டை மாற்றாமல் பட்டி போட்டு இழைத்துவிட்டார்கள், இரண்டாவது மழைக்காலத்திலேயே கொப்புளம் கிளம்பியது. சில்லுக்குள் ஒன்றுமே இல்லை. காரணம் மெழுகு. வருடா வருடம் ஐப்பசிக்கு முன்னால் வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் தூர் எடுத்து, நீளக் குழாய் வைத்து உள்ளே மெழுகு ஸ்பிரே அடிக்கிறேன். தையில் போனில் மாட்டும் சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கிறேன். அரை நாள் வேலை. இதைச் செய்ய மனசில்லாதவர்கள் இந்த மாதிரி வண்டியைத் தொடாமல் இருப்பது நல்லது என்றுதான் சொல்வேன்.

எஞ்சின் அவ்வளவு தொந்தரவு தரவில்லை. ஆனால் கிராங்க் தண்டு முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷரைக் கவனிக்க வேண்டும்: ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன் புல்லியைப் பார்க்க, அது கண்ணுக்குத் தெரிய முன்பின் நகர்ந்தால் உடனே எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை, அதாவது சம்ப்பைக் கழற்றுங்கள், வாஷர் உள்ளே விழுந்துவிட்டால் பிளாக்கே போய்விடும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான டிரனியனுக்கு கிரீஸ் அல்ல, ஈ.பி. 90 கியர் ஆயில். பார்த்தவர்களெல்லாம் கிரீஸ் துப்பாக்கியோடுதான் வருவார்கள், விடாதீர்கள். ஹெரால்டின் முன் சஸ்பென்ஷன் சாமான்கள் சில பொருந்தும், சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் இன்னும் தேடினால் கிடைக்கிறது, பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஓட்டுவதற்கு? திருமயம் ரோட்டில் விடியற்காலையில் கூரையை இறக்கிவிட்டுப் போனால் அந்தச் சுகமே தனி. தரைக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அறுபதே நூறு மாதிரி தெரியும். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு நடுவில் ஆக்சிலேட்டரை விடக் கூடாது, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பின்பக்க ஸ்விங் ஆக்சில் சக்கரத்தை உள்பக்கம் மடக்கி வண்டி சுற்றிவிடும். சித்திரை, வைகாசியில் மத்தியானம் எடுப்பதில்லை. ரேடியேட்டர் கோர் மாற்றி எலக்ட்ரிக் ஃபேன் போட்டும், சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறத்தான் செய்கிறது.

இப்போதைய கவலை பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலப்பு வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊறிப் பிசுபிசுத்துப் போனது. பம்ப் டயபிரம், கார்புரேட்டர் சீல், ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கை அரைகுறையாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்துவதில்லை, வாரம் ஒருமுறையாவது பள்ளத்தூர் வரைக்கும் போய் வந்துவிடுகிறேன்.

கடைசியாக ஆர்.சி. விஷயம். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் விண்டேஜ் பதிவு முறை வந்தது, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று குறிப்பிட்ட காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். எனக்கு வாராவாரம் ஓட்ட வேண்டும், அதனால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்திருக்கிறேன். உங்கள் வண்டிக்குப் பேப்பர் தொலைந்திருந்தால் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் விசாரித்துவிடுங்கள்.