புள்ளி வைத்த காகிதமும் ஒரு கைப்பிடி மணலும்

கேரட் விதையை ஒருமுறை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் போதும், விதை நாடா என்ற யோசனை ஏன் பிறந்தது என்று புரிந்துவிடும். ஒரு கிராமில் எழுநூறு, எண்ணூறு விதைகள் இருக்கும். சென்னை வியர்வையில் பாதி விரலிலேயே ஒட்டிக்கொள்ளும், மீதி ஒரே இடத்தில் கொத்தாக விழும். இதற்குத்தான் மெல்லிய காகிதத்தைக் கீற்றாக வெட்டி, மைதாப் பசையால் அளவான இடைவெளியில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு விதையை ஒட்டி, மடித்துக் காயவைத்து, நாடாவாகவே மண்ணில் படுக்கவைக்கிறார்கள். ஜப்பானில் இயந்திரத்தால் செய்த நாடாவை வயலிலேயே விரிப்பது உண்டு. நங்கநல்லூர் மொட்டைமாடியில் அது தேவையா, மணலில் கலந்து தூவினாலே போதுமா என்று இரண்டு மார்கழி பார்த்தாயிற்று.

முதலில் போட்டியிலேயே சேராதவற்றை ஒதுக்கிவிடுகிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் குழித்தட்டில் முளைத்து, நாற்றாகிச் செடி வளர்க்கும் பைக்கு மாறுபவை. அவற்றுக்கு நாடா செய்வது வீண் வேலை. வெண்டை, அவரை, கொத்தவரை விதைகளை விரலால் எடுத்துக் குழியில் போடலாம். கொத்தமல்லியை லேசாக நசுக்கித் தூவினால் தீர்ந்தது. ஆக, விதை சிறியதாக இருக்க வேண்டும், நாற்றாகப் பிடுங்கி நடவும் முடியாததாக இருக்க வேண்டும். அங்கேதான் நாடாவுக்கும் நம் ஊர் மணலுக்கும் நேருக்கு நேர் மோதல்.

மணல் முறையைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு பங்கு கீரை விதைக்குப் பத்துப் பங்கு உலர்ந்த மணல், கலந்து தூவினால் விதை பரவலாக விழும். செலவு இல்லை, இரண்டு நிமிட வேலை. ஆனால் எத்தனை பரவலாக விழுந்தாலும் முளைத்த பிறகு நெருக்கமான இடங்களில் சில செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டியிருக்கும். நாடாவைப் புகழ்பவர்கள் இதைத்தான் பெரிய குறையாகச் சொல்கிறார்கள்: கலைக்கும் வேலை மிச்சம், விதை மிச்சம் என்று.

கீரை விஷயத்தில் இந்த வாதம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. முளைக்கீரை என்று நாம் சாப்பிடுவதே இளம் செடியைத்தான். நெருக்கமாக விதைத்து, இருபது இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கிக் கூட்டு வைப்பதுதான் அதன் விளைச்சல். அங்கே கலைப்பது வேலையல்ல, அறுவடை. இதில் போய் ஒவ்வொரு விதைக்கும் மூன்று விரல் இடைவெளி அளந்து ஒட்டுவது, அரிசியை எண்ணி உலையில் போடுவது மாதிரி. சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாவற்றுக்கும் என் ஓட்டு மணலுக்குத்தான்.

பீட்ரூட்டில் நாடா வேறு வகையில் ஏமாற்றும். நாம் விதை என்று நினைப்பது உண்மையில் பல விதைகள் சேர்ந்த ஒரு கொத்து. ஒரு புள்ளியில் ஒன்றை ஒட்டினாலும் இரண்டு மூன்று முளைக்கும், கலைத்தே ஆக வேண்டும். முள்ளங்கி விதை பெரியது, நாலைந்து நாளில் முளைத்துவிடும், கலைத்த செடியின் இலை பொரியலுக்கும் ஆகும். அதற்கு நாடா இருந்தால் நல்லது, இல்லையென்றால் குடி மூழ்காது.

மிஞ்சுவது கேரட். முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும், பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிக்கொள்ளும், நெருக்கமாக இருந்தால் ஒன்றும் பருக்காது. இங்கே நாடா நியாயமாகவே ஜெயிக்கிறது. ஐப்பசியில் மணலோடு தூவிய பையில் ஒரு கனமழை போதும், விதையெல்லாம் ஒரு ஓரத்தில் ஒதுங்கிவிடும். பிறகு அங்கே மட்டும் கேரட் புதர், நடுவில் வெறும் மண். அதே மழையில் காகிதத்தோடு மண்ணுக்குள் அழுந்திய விதை இருந்த இடத்திலேயே இருந்தது. மணலுக்கும் நாடாவுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நம்பியது அன்றைக்குத்தான்.

ஆனாலும் கேரட்டுக்கே கூட நான் இப்போது நாடா செய்வதில்லை. காரணம் எளிது. நாடா என்பது நீளமான பாத்திக்காகப் பிறந்தது. நம் மாடியில் பாத்தி ஏது? வட்டப் பைதான். பன்னிரண்டு அங்குலப் பைக்குள் நேர்க்கோட்டு நாடாவைப் போட்டால் இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும். சுருட்டிப் போட்டால் உள்சுற்றும் வெளிச்சுற்றும் ஒன்றையொன்று தொட்டு இடைவெளிக் கணக்கே குலைகிறது. முதல் வருடம் நான் அப்படித்தான் கொசுவர்த்திச் சுருள் மாதிரி போட்டு வைத்தேன்.

அதைப் பார்த்துத்தான் அம்மா குறுக்கிட்டார். அவருக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதில்லை. கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடி, "கீற்றாக ஏன் வெட்டுகிறாய்? முழுத் தாளில் இடைப்புள்ளி வைத்துக் கொடுக்கிறேன்" என்றார். கோலத்தில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைக்கும் நேர்ப்புள்ளி என்றால் சதுரம், மூலைகள் வட்டப் பையின் விளிம்பை முட்டும். இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி வரும் இடைப்புள்ளி அறுகோணமாக அமையும், வட்டத்துக்குள் அழகாக அடங்கும். ஐந்து புள்ளியில் தொடங்கி மூன்று வரை: 3, 4, 5, 4, 3. மொத்தம் 19 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ. வைத்தால் குறுக்களவு 20 செ.மீ., பன்னிரண்டு அங்குலப் பையில் சுற்றிலும் 5 செ.மீ. விளிம்பு மிச்சம். கேரட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு எனக்குத் தெரியாது. நாடாவின் எல்லா நன்மையும் இந்த விரிப்பில் இருக்கிறது, பையின் வடிவத்தோடு சண்டையும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மணல் முறையில் வேலை முழுவதும் மாடியில், வெயிலில், குனிந்தபடி. விரிப்பில் கண்ணுக்கும் கைக்கும் ஆன வேலை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அம்மா ஈர்க்குச்சியின் நுனியைப் பசையில் தொட்டு ஒரு புள்ளி வைக்கிறார், அதே நுனியால் ஒரு விதையை ஒற்றி எடுத்துப் புள்ளியில் வைக்கிறார். ஒரு விரிப்புக்குக் கால் மணி நேரம். மேலே என் வேலை விரித்து மூடுவது மட்டும்.

காகிதத்தில் தப்பு செய்யாதீர்கள். செய்தித்தாள் கைக்கு வசதி, ஆனால் மெதுவாகத்தான் மட்கும். மேல்மண் காய்ந்தால் விறைத்து ஓரம் சுருண்டு வெளியே எட்டிப் பார்க்கும், விதையும் கூடவே காய்ந்து சாகும். சமையலறைத் துடைப்புக் காகிதம் நனைந்தாலும் கிழியாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. நாடாவுக்கு டாய்லெட் டிஷ்யூ சரி. விரிப்புக்கு உணவு மேசையில் வைக்கும் டிஷ்யூ, அதிலும் இரண்டு அடுக்கைப் பிரித்து ஒற்றையாக.

பசைக்கு மைதாவும் தண்ணீரும் கெட்டியாகக் குழைத்தால் போதும். வடித்த கஞ்சியும் ஒட்டும், பிடிப்பு சற்றுக் குறைவு, உப்புப் போடாததாக இருக்க வேண்டும். புத்தகம் கட்டுபவர்களிடம் பசை வாங்கி வராதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் வழக்கம் உண்டு, அது முளைக்கு நஞ்சு. மயில்துத்தம் இல்லாத பசையோ எல்லா உயிர்க்கும் விருந்து. இந்த ஊரில் மாடுகள் சுவரொட்டியை உரித்துத் தின்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

மாடியில் மாட்டின் வேலையை எறும்பு செய்கிறது. மணலில் தூவிய கீரை விதையையும் அது தூக்கிக்கொண்டு போகும். ஆனால் மைதா தடவிய காகிதம் அதற்குப் பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி. முதல் முறை சமையல் மேடையில் காயவைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் விரிப்பு இருந்தது, புள்ளி இருந்தது, பல புள்ளிகளில் விதை இல்லை. இப்போது கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறேன். விதைத்த பிறகு பையைச் சுற்றி மஞ்சள் தூளும், நாலடி தள்ளி ஒரு பிடி ரவையும். எறும்பு முதலில் ரவைக்குப் போகிறது, எனக்குத் தேவையான அவகாசம் கிடைக்கிறது. எறும்பு மட்டுமே அளவுகோல் என்றால் மணல்தான் முதல் பரிசு வாங்கும்.

காயவைப்பதிலும் சென்னைக்கென்று ஒரு சிக்கல். பசையின் ஈரம் சில மணி நேரத்தில் போய்விட வேண்டும். இரவெல்லாம் ஈரமாக இருந்தால் விதை ஊறி, முளைக்கத் தொடங்கி, பிறகு காயும்போது செத்துவிடும். அடைமழை நாளில் கூடத்துக் காற்றே ஈரமாக இருக்கும்போது இதைச் செய்து பயனில்லை. புரட்டாசியின் ஒரு வெயில் நாளில் செய்து, நிழலில் உலர்த்தி, மூடி இறுகிய டப்பாவில் வைத்து, கார்த்திகையில் பெருமழை ஓய்ந்ததும் எடுப்பது எங்கள் வழக்கம். அதற்கும் முன்னால் பத்து விதையை ஈர டிஷ்யூவில் வைத்துப் பாருங்கள். ஐந்துக்கு மேல் முளைக்காவிட்டால் புள்ளிக்கு இரண்டாக ஒட்டுங்கள், அல்லது புது விதை வாங்குங்கள். பழைய விதையில் பத்தொன்பது புள்ளி வைத்து ஏழு செடி வளர்ப்பதற்கு மணலே மேல்.

விதைக்கும்போது முதலில் பையை நன்றாக நனைத்து, விரிப்பைப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி, சலித்த தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து அரை செ.மீ. மூடுகிறேன். பூவாளியால் காலை மாலை தண்ணீர். முளை தெரியும்வரை மேலே ஈரச்சாக்கு, தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

ஊட்டி கேரட்டின் நீளத்தை எதிர்பார்க்காதீர்கள், நம் குளிருக்கு அது வராது. இந்த வருடம் அம்மா ஏழு புள்ளியில் தொடங்கி நான்கு வரை, மொத்தம் 37 வைத்துத் தருவதாகச் சொல்கிறார். அதற்குப் பதினைந்து அங்குலப் பை தேடிக்கொண்டிருக்கிறேன். கீரைப் பைகளுக்கு வழக்கம்போல் மணல்தான்.